மட்டைப் பெட்டிக்குள் பச்சைச் செடி

போன கிழமை எங்கள் கடைக்கு ஓர் இளம் தாய் வந்தார். மாங்குளத்தில் நான் வேலை செய்யும் இந்தக் கடையில் போன் திருத்துகிறோம், கண்ணாடி ஒட்டுகிறோம், வேலை இல்லாத நேரத்தில் வீதியில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வந்தவர் ஆடைத் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். ஒரு கையில் போன், மற்றக் கையில் ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை.

"தம்பி, சின்னப் பிள்ளையளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற அப் ஏதோ இருக்காம். அதை இதில போட்டுத் தாங்கோ" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, "நான் பக்கத்தில இருக்கத் தேவையில்லாததாப் பாத்துப் போடுங்கோ. வேலையால வந்தா எனக்குக் கண் திறக்க ஏலாது" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். பிள்ளை போனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அம்மா, இது ஏன் சுடுது?" என்று கேட்டது.

"சத்தம் போடாம இருங்கோ, அண்ணாவுக்கு வேலை இருக்கு."

திரையில் ஒரு கரடி வந்து கை தட்டியது. வந்த அலுவல் முடிந்தது என்று அவர்கள் போய்விட்டார்கள். பிள்ளை கேட்டதற்குக் கரடியும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரம் முழுவதும் எனக்கு ஒரு வாசம் வந்துகொண்டே இருந்தது. வெயிலில் காய்ந்த போன், சவர்க்காரம் வந்த மட்டைப் பெட்டி, நனைந்த மண், மூன்றும் கலந்த வாசம். இவை மூன்றும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டு முற்றத்தில்தான், கொரோனாக் காலத்தில்.

அப்போது பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. பாடம் எல்லாம் போனில் வந்தது. நெடுங்கேணிக்குக் கிட்ட, ஒரு குளத்துக்குக் கீழே எங்கள் வீடு. எங்கள் ஆட்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்தவர்கள். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், அதுவும் பேனையை மண்வெட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு. அம்மாவுக்கு அதுவும் இல்லை. வீட்டில் முதன்முதலாகப் பரீட்சை என்று ஒன்றை எழுதியவன் நான். விஞ்ஞானத்தில் மட்டுமட்டாகச் சித்தியடைந்தேன். அந்த மட்டுமட்டை வைத்துக்கொண்டு எங்கள் குடும்பத்தில் நான் அடைந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. இடி ஏன் இடிக்கிறது, கோழி ஏன் அடைக்கு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாததை நீளமான சொல்லால் மூடிவிடுவேன்.

தங்கச்சி வினோ நாலாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் என்னுடையது. காலையில் அதை அவளிடம் கொடுத்துவிட்டு நான் நெடுங்கேணியில் போட்டோக்கொப்பி, ரீலோட் போடும் ஒரு கொம்யூனிகேசன் கடைக்கு வேலைக்குப் போவேன். வீட்டில் சிக்னல் இல்லை. குளக்கட்டில் ஏறி, மருத மரம் தாண்டி நின்றால் இரண்டு கோடு வரும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் படித்தார்கள். அப்பா வயல் வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவளோடு போய்க் குளக்கட்டில் குந்தியிருப்பார். குடையை அவர் பிடிப்பார். அது அவளுக்கு இல்லை, போனுக்கு. போன் சுட்டால் நின்றுவிடும் என்பதை அவர் தானாகக் கண்டுபிடித்திருந்தார்.

முதலில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. எழுத்துத் தெரியாத மனிதர் என்னத்தைப் படிப்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் படிப்பிக்கவில்லை. பார்த்தார். அவள் பார்க்கும் வீடியோவை அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நிப்பாட்டு, நிப்பாட்டு. அந்த எறும்பு எதத் தூக்குது?" என்று கேட்பார். அவள் நிப்பாட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். ஒரு சின்ன வீடியோவைப் பார்த்து முடிக்க அரை நாள் போகும். டேட்டாவும் போகும்.

ஒருநாள் விதை முளைக்கும் வீடியோ வந்தது. மண்ணைப் பிளந்துகொண்டு முளை வந்து, இலை விரித்து, ஒரு மூச்சு விடுவதற்குள் செடியாகி நின்றது. அன்று இரவு சாப்பாட்டில் அப்பா சோற்றைப் பிசைந்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, டவுன்ல விசாரிச்சுப் பாரு. அந்த வெத எங்க விக்கிறாங்க?"

"எந்த விதை?"

"போன்ல வந்தது. வெரசா மொளைக்கிற சாதி. நம்ம வயலுக்கு ஒரு மூட போட்டா என்னா?"

வினோ சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. "அப்பா, அது ஓடவிட்டுக் காட்டுறது. ஒவ்வொரு நாளும் படம் எடுத்து ஒட்டியிருக்கினம். உண்மையில கன நாள் எடுக்கும்."

"அப்ப பொய்யா காட்றாங்க?"

"பொய்யில்லை அப்பா. நாங்களும் செய்யலாம்."

அந்த 'நாங்களும் செய்யலாம்' என்ற சொல்லை அப்பா விடவில்லை. மறுநாள் முற்றத்தில் ஒரு தடியை நட்டு, போனை ஒரே இடத்தில் வைத்துப் படம் எடுக்க அதன் நுனியைச் சீவிக் கொடுத்தார். அந்தத் தடியைச் சுற்றித்தான் அந்த வருசம் எங்கள் வீட்டுச் சீவியம் ஓடியது. உடுப்புக் காயப்போட அம்மாவுக்கு அதில் உரிமை இல்லை. "செடியப் பாக்குற பார்வைய என்னைப் பாத்திருந்தா நான் இன்னேரம் காய்ச்சிருப்பேன்" என்று அம்மா ஒருநாள் சொன்னது நினைவிருக்கிறது. அப்பா தடி ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அந்தச் செயற்பாடு வந்தது. செடிக்கு வெளிச்சம் தேவையா என்று பார்க்கவேண்டும். இரண்டு சட்டியில் பயறு போட்டு, ஒன்றை வெயிலிலும் மற்றதைப் பெட்டியால் மூடியும் வைத்து, கடைசியில் பிள்ளை தன் வாயால் விளக்குகிற வீடியோவை அனுப்பவேண்டும். நல்ல வீடியோவுக்கு ரீச்சர் நட்சத்திரம் போட்டு எல்லாருக்கும் காட்டுவார். வினோவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. தன்னுடையதுதான் வரும் என்று இருந்தாள். மற்றப் பிள்ளைகளிடம் தடி இல்லையே.

தயிர்ச் சட்டி இரண்டு எடுத்தார்கள். நான் கடையிலிருந்து சவர்க்காரம் வந்த மட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். என் பங்களிப்பு அவ்வளவுதான். கூடவே ஒளித்தொகுப்பு என்ற சொல்லையும் கொடுத்தேன். அதை அவள் பாடமாக்கிக்கொண்டு திரிந்தாள்.

வெயிலில் இருந்த சட்டியைக் கோழி இரண்டு தரம் கொத்தியது. பெட்டிக்குள் இருந்தது முதலில் நூல் மாதிரி நீண்டு, மஞ்சளாகி, தலை சாய்ந்தது. வினோவுக்குப் புளுகம். "பாத்தீங்களா அப்பா, சாகப்போகுது" என்று துள்ளினாள். அப்பா பெட்டியை மூடிவிட்டு எழும்பிப் போனார்.

நான் இதை இப்போது எழுதும்போது அவருடைய முகத்தைச் சரியாகப் பார்க்கிறேன். சண்டை நெருங்கி, கதிர் பால் பிடித்து நின்ற வயலை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் வெளிக்கிட்ட வருசம் எனக்குப் பதினொரு வயது. உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் இருந்தபடி, வயல் மறையும் வரைக்கும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. மஞ்சளாகிற பயிரை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, அவ்வளவுதான்.

சில நாளில் பெட்டிக்குள் இருந்த செடி நிமிர்ந்தது. பிறகு பச்சை பிடித்தது. பிறகு கோழி கொத்திய செடியைவிடக் கொழுத்து நின்றது. வினோ பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே குந்திவிட்டாள். என்னிடம் கேட்டாள். நான் நீளமான சொல் ஒன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை.

"என்னத்த சொல்றது இப்ப?" என்று அவள் அழப்பார்த்தபோது அப்பா போனைக் கையில் எடுத்தார். "பாத்தத சொல்லு புள்ள. பாத்தத சொன்னா யாரு என்னா சொல்லப்போறா?"

அவள் பார்த்ததைச் சொன்னாள். வெளிச்சம் இல்லாமல் வைத்த செடிதான் நல்லாக இருக்கிறது, முதலில் மஞ்சளாக வந்து பிறகு பச்சையாகிவிட்டது, ஏன் என்று தனக்குத் தெரியவில்லை, கண்டுபிடிக்கவேண்டும் என்று. குளக்கட்டில் ஏறி அனுப்பினார்கள்.

அடுத்தநாள் குளக்கட்டில் எல்லாரும் இருக்கும்போது ரீச்சரின் குரல் வந்தது. வினோ ஆசையில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். "இது பிழை. வெளிச்சம் இல்லாட்டிச் செடி வளராது எண்டு புத்தகத்தில கிடக்குது. வீட்டில ஆராவது படிச்ச ஆக்கள் பாத்திட்டு அனுப்புங்கோ. பிழையானதைக் குரூப்பில போட்டு மற்றப் பிள்ளையளையும் குழப்பாதையுங்கோ." அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. அன்று நட்சத்திரம் வாங்கிய வீடியோக்களில் மூன்றில் ஒரே செடி, ஒரே சட்டி, ஒரே வெள்ளைக்காரப் பின்வளவு. இணையத்தில் எடுத்த படத்துக்குப் பிள்ளைகள் குரல் மட்டும் கொடுத்திருந்தார்கள். புத்தகத்தில் கிடந்தபடியே அந்தச் செடிகள் ஒழுங்காகச் செத்திருந்தன.

குளக்கட்டில் இருந்த ஒரு அம்மா தன் மகனிடம், அப்பாவுக்கும் வினோவுக்கும் கேட்கத்தக்கதாக, "விடு, அவையள் வீட்டில ஆர் படிச்சது" என்றார்.

அப்பா குடையைச் சுருக்கினார். வீட்டுக்கு வந்து, நான் வேலையால் வரும்வரை காத்திருந்து, பொலிசில் சொல்கிற மாதிரி நின்றுகொண்டு சொன்னார். "நாந்தான். தெனம் மத்தியானத்துல புள்ள தூங்கையில பெட்டியத் தூக்கிட்டு சட்டிய வெயில்ல வச்சேன். ரெண்டு நுள்ளு யூரியாவும் போட்டேன். அந்தச் செடி மொகத்தப் பாக்க முடியல."

நான் திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வினோ எழும்பிவிட்டாள். அவளுடைய முகம் முழுக்க வெளிச்சம்.

"அப்ப சரிதானே அண்ணா. வெயில் பட்டதாலதானே பச்சை வந்தது. மஞ்சளானதைத் திரும்பப் பச்சையாக்கலாம் எண்டு புத்தகத்தில கூட இல்லை. அப்பா கண்டுபிடிச்சிட்டார்."

அந்த இரவு எங்கள் வீட்டில் இருந்த சந்தோசத்தைப் பிறகு நான் கண்டதில்லை. மறுநாள் இரண்டாவது வீடியோ எடுத்தார்கள். அப்பாவும் அதில் வந்தார், சேர்ட் போட்டுக்கொண்டு. பெட்டியை எப்படித் தூக்கினேன், எங்கே வைத்தேன் என்று செய்துகாட்டினார். குளக்கட்டில் ஏறி அனுப்பப் போனபோது குரூப்பில் இனி ரீச்சர் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றியிருந்தார்கள். ரீச்சரின் நம்பருக்குத் தனியாக அனுப்பினோம். போய்ச் சேர்ந்தது. திறந்து பார்த்த நீலச் சரி வரவே இல்லை. வினோ பல நாள் குளக்கட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு ஏறவில்லை.

அந்த ரீச்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருக்கும் எத்தனை பிள்ளைகள், எத்தனை வீடியோக்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மனம் வருகிறது. ஒரே ஒருதரம் திறந்து பார்த்திருக்கலாம்.

அடுத்த செயற்பாட்டுக்கு வினோ ஒரு படத்தை இறக்கிக் குரல் கொடுத்து அனுப்பினாள். நட்சத்திரம் கிடைத்தது. அப்பா குளக்கட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். "நான் வந்தா புள்ளைக்குப் பிழையாப் போயிரும்" என்றார். தடியைப் பிடுங்கி அம்மா பயற்றங்கொடிக்கு ஊன்றினார்.

இப்போது குளத்தடியிலேயே டவர் வந்துவிட்டது. வீட்டுக்குள் படுத்துக்கொண்டே எல்லாம் பார்க்கலாம். வினோ ஒன்பதாம் வகுப்பு, விஞ்ஞானத்தில் என்னைவிட எவ்வளவோ மேல். அவளிடம் தனிப் போன், அப்பாவிடமும் ஒன்று. இருவரும் ஒரே விறாந்தையில் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். போன மாதம் நான் வீட்டுக்குப் போனபோது அவள் ஒரு பரிசோதனையை எழுதிக்கொண்டிருந்தாள். முடிவைத்தான் முதலில் எழுதியிருந்தாள். "வா, செய்து பாப்பம்" என்றேன்.

"ஏன் அண்ணா, விடை தெரியும்தானே" என்றாள், தலை நிமிராமல்.

அப்பா மூலையிலிருந்து, "என்னா புள்ள பாக்குற?" என்று கேட்டார்.

"உங்களுக்கு விளங்காது அப்பா."

அவர் சரி என்று தன் போனுக்குத் திரும்பினார்.

அந்த இரண்டாவது வீடியோ பழைய போனிலிருந்து இந்தப் போனுக்கு வந்து, இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தத் தாய் போன பிறகு கடையில் ஒருதரம் போட்டுப் பார்த்தேன். வினோ துள்ளுகிறாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார். அது முடிந்ததும் முதலாவதையும் போட்டேன். அதில் அவர் இல்லை. அவருடைய பெருவிரல் மட்டும் திரையின் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. குரல் மட்டும் கேட்கிறது: பாத்தத சொல்லு புள்ள.

எங்கள் வீட்டில் இப்போது அப்பாவும் அப்படிச் சொல்வதில்லை. சொன்னாலும், பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.