வீட்டுக்காரர் பேரில் சாத்திய வெள்ளி உரு

அம்மனை நம்பும் அக்கா தங்கைகளே, என் மானம் போன அந்த வெள்ளிக்கிழமையில்தான் என் உயிர் திரும்பி வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே பர்மாவில், க்யிம்யிண்டைங் சந்தைப் பக்கம் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள் நான். 2003ஆம் வருஷம், ஆடிக்கு மூன்று மாதம் முன்பு, குளித்துவிட்டு உடம்பில் தனக்கா மரச்சாந்து பூசும்போது இடது மார்பில் கொட்டைப்பாக்கு போல ஏதோ தட்டுப்பட்டது. வலியில்லை. பயம்தான். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மார்பளவு எடுக்கிற நான், வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை. டாக்டர் முன்னால் ரவிக்கையை அவிழ்ப்பதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தேன். யார் கண்ணிலும் படாமல் கரைத்துவிடு ஆத்தா என்று தினமும் அழுதேன்.

உடம்பில் எந்த இடத்தில் நோவோ, அதை வெள்ளித் தகட்டில் செய்து அம்மனுக்குச் சாத்துவோம் அல்லவா? நானும் மார்பு உரு ஒன்று வாங்கி, வெற்றிலையில் பொதிந்து தட்டில் வைத்தேன். ஆடி வெள்ளி, நல்ல கூட்டம். பூசாரி யார் பேருக்கு என்று கேட்டார். என் பேரைச் சொன்னால் குட்டு உடைந்துவிடுமே என்று பதறி, வீட்டுக்காரர் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டேன். பூசாரி வெற்றிலையைப் பிரித்தார். உருவைப் பார்த்தார். பக்கத்தில் கைகூப்பி நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். கோயிலே சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான், நர்ஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டாவ் செல்லம்மா. பர்மிய வழக்கில் மூத்த பெண்களுக்கு டாவ், என்னைப் போன்றவர்களுக்கு மா. என்னை மடப்பள்ளிப் பக்கம் அழைத்துப்போனார்.

"எந்தப் பக்கம், மா சரோஜா?"

அழுதுவிட்டேன்.

"ஆத்தாகிட்ட காட்டிட்டீல்ல. ஆஸ்பத்திரியில இருக்கற சயாமா, அந்த டாக்டரம்மாவும் பொம்பளதான், அவங்ககிட்டயும் காட்டிரு. நாளைக்கு நான் கூட வாரேன்."

விஷயம் தெரிந்த வீட்டுக்காரர் என் கையை விடவேயில்லை. மறுநாள் மூவருமாகப் போனோம். சோதனையெல்லாம் முடிந்தபின், புற்றுநோய்தான், ஆனால் சின்னது, பரவவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் அந்த டாக்டரம்மா. கட்டியை எடுத்தார்கள். ஊசி மருந்தில் முடி உதிர்ந்தது, மறுபடி வளர்ந்தது. ஏழு வருஷமாகிறது. தெம்பாக மெஷின் மிதிக்கிறேன்.

யார் கண்ணிலும் படாமல் என்று நான் கேட்டேன். ஆத்தா எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். அவள் தந்த பதில் அதுதான்.

இப்போது அளவெடுக்க வரும் பெண்களிடம், மாதம் ஒருமுறை தடவிப் பார்க்கிறாயா என்று நாடாவைப் பிடித்தபடியே கேட்கிறேன். நெளிவார்கள். விடமாட்டேன். நீங்களும் ஆத்தாவிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்துபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆடிதோறும் நன்றிக்கு ஒரு உரு சாத்துகிறேன். பூசாரி ஓரக்கண்ணால் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே யார் பேருக்கு என்பார். சரோஜா, ரோகிணி நட்சத்திரம் என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறேன்.