சத்தம் வராத ஜன்னல்

வெளிச்சத்தை விடும், வெக்கையை விடாது. பஸ்ஸைக் காட்டும், ஹாரனைக் கேட்க விடாது. அது என்ன?

ரெட்டைக் கண்ணாடி ஜன்னல். பழைய அடுக்குமாடி வீடுகளில் அதை மாட்டித் தருவது என் தொழில். மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருக்கும் உங்களுக்கு வெக்கையை நான் விளக்க வேண்டியதில்லை. போன கோடையில் ஆரப்பாளையத்தில், மூன்றாம் மாடி வீடு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

தோசைக்கல்

வீட்டுக்காரர் தாவூத் பாய், பாத்திரக்கடை வைத்திருப்பவர். மனைவி ஜரினா. மகள் ஆயிஷாவுக்கு ஏழு வயது. ஸ்டூலில் ஏறித் தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளை ஓடு, சமையலறைக்கும் ஆயிஷா அறைக்கும் புது ஜன்னல், ஏசி குளிர்ச்சி வெளியே போகாமலிருக்க அவள் அறைக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை என்று முடிவானது.

"சீக்கிரம் முடிங்கண்ணே. தோசைக்கல்லுல மாவுதான் ஊத்தல, மத்தபடி நாங்க வெந்துட்டோம்" என்றார் பாய்.

ஓட்டை

ஆயிஷா அறையின் பழைய ஜன்னல் சட்டத்தைக் கம்பியோடு பெயர்த்ததும் சுவரில் பெரிய ஓட்டை. கீழே ரோடு. குறுக்கே கயிறு கட்டியிருந்தோம். ஆயிஷா அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஜரினா ஓடிவந்து அவளை இழுத்தார். இழுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே புது ஜன்னலை மாட்டிவிட்டோம்; புதுக் கம்பி வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஜன்னலுக்குப் பூட்டு வேண்டும் என்றார் பாய். போட்டுக் கொடுத்தேன்.

"சாவி என் சட்டைப்பையிலயே இருக்கட்டும்ணே. அப்பத்தான் கடையில உக்கார முடியும்."

டாட்டா

மறுநாள் மதியம் கரண்ட் போயிருந்தது. என் ஆட்கள் சமையலறையில் உளி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜரினா அங்கே நின்றிருந்தார். நான் பசை வாங்கக் கீழே இறங்கி, டீக்கடையிலிருந்து அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஆயிஷா. இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தாள். வாய் முழுவதும் திறந்திருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்துக் கையசைத்தார். "அந்தப் பாப்பா ரொம்ப நேரமா டாட்டா காட்டுது மாப்ள!"

கதவு

படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். விளையாட்டாக உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். ரப்பர் பட்டை கதவை நெருக்கியதில் அவளால் அதைத் திரும்ப இழுக்க முடியவில்லை. ஏசியும் நின்றுவிட்டது. ஜன்னல் சாவியோ கடையில், பாயிடம். கதவில் காதை வைத்தால்தான் "அம்மா" என்பது எங்கோ தொலைவில் கேட்டது. மூன்று பேர் சேர்ந்து தோளால் இடித்தோம். தாழ்ப்பாள் பிய்ந்தது. தலையிலிருந்து கால்வரை வியர்வையில் நனைந்துபோய் நின்றிருந்தாள் ஆயிஷா.

"எம்புட்டுக் கத்துனேன், ஒருத்தரும் வரல" என்றாள்.

இரண்டு இடம்

பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். என் கையாலேயே ரப்பரை உரிக்கச் சொன்னார். புதுத் தாழ்ப்பாள் வேண்டாம் என்றார். சாயங்காலம் கரண்ட் வந்ததும் அவள் அறையில் ஏசியைப் போட்டு, மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டார்: "அத்தா எல்லாத்தையும் எடுத்துட்டேம்மா. இங்க ஜில்லுனு படுக்குறியா, ஹால்ல வெக்கையில படுக்குறியா?"

ஆயிஷா இறங்கி, தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.