பழைய பதிப்பின்மேல் புதியது

பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸ். நான் எழுதிய புரோகிராம் அங்கே திறக்கவில்லை; அதற்கு வேண்டிய லைப்ரரி, அதாவது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பு, அந்தக் கம்ப்யூட்டரில் பழைய பதிப்பாக இருந்தது. தயங்காமல் புதிய பதிப்பை அதன்மேல் போட்டேன். என்னுடையது ஓடியது. அதே கோப்பை நம்பியிருந்த கொழுந்துத் தராசு புரோகிராம் படுத்துவிட்டது. வெளியே மழையில் பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு நின்றார்கள். பழைய கோப்பை நான் எடுத்துவைக்கவில்லை.

ஆபீஸ் கிளார்க் அக்கா ஒரு பென்டிரைவை நீட்டினார்.

"நீங்க தொடுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சிட்டேன் தம்பி."

"என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

"வேலை தெரிஞ்சவங்க வந்தாத்தான் எடுத்து வைப்பேன். தெரியாதவங்க எதையும் தொட மாட்டாங்க."

அதிலிருந்த பழைய கோப்பைத் திரும்பப் போட்டேன். தராசு மறுபடி ஓடியது.

என் திறமையில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அதனால்தான் என் புரோகிராமுக்கான லைப்ரரியை அதன் சொந்த ஃபோல்டரிலேயே வைத்துக் கொடுக்கிறேன். பிறர் நம்பியிருப்பதைத் தொடுவதில்லை.