வக்கடையில வீரம்மா கேட்ட ஹொக்கி

எண்பதாம் ஆண்டில முரசுமோட்டையில ஹொக்கி தெரிஞ்ச ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைச்சிருந்தா, ஒரு கதிரை போதும். அதில வீரம்மா இருந்திருப்பா. மிச்ச ஊருக்கு உதைபந்தும் கரப்பந்தும்தான். வளைஞ்ச தடியால பந்தை அடிக்கிற விளையாட்டெண்டு அவா விளங்கப்படுத்த, பக்கத்து வயல்கார ராசு, உது எங்கட மாடு மேய்க்கிற பெடியள் பொழுதுபோகாம விளையாடுறதெல்லே, இதுக்குப் போய் உலகம் முழுக்கக் கப்பலேறி வரோணுமோ எண்டு கேட்டவன். அண்டைக்கு அவன் வாங்கின பேச்சில அவன்ர வரம்பில நிண்ட புல்லே கருகிப் போச்சுது.

வீரம்மா மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொண்டில பிறந்தவா. மாத்தளையில ஹொக்கி எண்டா சோறு மாதிரி. அந்த மைதானத்து ஓரத்தில பதினாலு வருசம் அவிச்ச கடலை வித்தவா. ஆனா கடலை விக்கிற ஆளுக்கு ஆட்டம் பார்க்கக் குடுத்து வைக்கிறேல்லை. வாங்கிற சனத்தின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கோணும், முதுகுதான் ஆட்டத்தைப் பார்க்கும். திரும்பினா கூடைக்குள்ள நாலு கை விழும். அதால அவா ஹொக்கியைக் காதாலதான் படிச்சவா. தடியில பந்து படுற சத்தம், தடியில தடி படுற சத்தம், கோலுக்குப் பின்னால இருக்கிற பலகையில பந்து மோதுற சத்தம் எல்லாம் தனித்தனியாத் தெரியும். ஆர் அடிச்சவன், அவன் காலமை சாப்பிட்டவனோ இல்லையோ எண்டுகூடச் சொல்லுவா. பதினாலு வருசத்தில ஆயிரம் கோல் கேட்டிருப்பா, கண்ணால கண்டது மூண்டு. அதில ஒண்டு, மழைக்குச் சனம் கலைஞ்ச நேரம் கண்டது.

பெரிய ஆக்களின்ர ஆட்டத்தை விட அவாவுக்குப் பள்ளிக்கூடப் பெடியளின்ர ஆட்டம்தான் உயிர். பெரிய ஆக்கள் வயிறு நிரம்பி ஆடுறவை, சின்னனுகள் பசியில ஆடுறவை எண்டு அவாவின்ர கணிப்பு. இண்டைக்குச் சின்னன் டீமில ஆர் நல்லா ஓடுறான் எண்டு கேட்டா, நாலு வருசத்தால ஒலிம்பிக்கில ஆர் வெல்லுவான் எண்டு சொல்லலாமாம். சோதிடம் சொல்லுறவைக்குக் குடுக்கிற மரியாதையை ஊர் அவாவுக்குக் குடுக்கேல்லை. அது ஊரின்ர பிழை.

எழுபத்தேழில தமிழரை அடிச்சுக் கலைச்ச கலவரத்தோட ஒரு தகரப்பெட்டி, ரெண்டு பிள்ளையள், புருசன் மாயாண்டி, ஒரு ரேடியோ, இவ்வளவோட வன்னிக்கு வந்திறங்கினவா. பெட்டிக்குள்ள இருந்ததை விட ரேடியோவைத்தான் கவனமாக் கொண்டுவந்ததெண்டு மாயாண்டி பிறகு கனகாலம் முறைப்பாடு சொல்லித் திரிஞ்சவர். ரெண்டு ஏக்கர் வயல் குத்தகைக்கு எடுத்தவை. மாயாண்டி விசுவமடுவில மிளகாய்த் தோட்டத்தில கூலிக்கு நிண்டு, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டை வருவார். வயல் முழுக்க வீரம்மாவின்ர தலையில.

வயலுக்குத் தண்ணி இரணைமடுக் குளத்தில இருந்து வாய்க்காலால வரும். அதை ஆருக்கு எந்த நாள், எத்தினை மணிக்கெண்டு பங்கிடுறவர் வட்டவிதானை முத்துலிங்கம். கையில ஒரு மணிக்கூடு, சைக்கிளில ஒரு டோர்ச். அந்த மணிக்கூட்டைக் கேட்டுத்தான் சூரியனே விழுகிறதெண்டு அவருக்கொரு நினைப்பு. முறை வந்தவை தங்கட வரம்பில இருக்கிற வக்கடையை, அதுதான் தண்ணி உள்ளுக்கை பாயிற வெட்டை, மண்வெட்டியால திறந்து, முடியுமட்டும் பக்கத்தில நிண்டு பார்க்கோணும்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு பிரான்சில சின்னப் பெடியளுக்கு உலகக் கிண்ணம் நடந்தது. அதின்ர முடிவைக் கேக்கிறதுக்கெண்டு வீரம்மா வக்கடையில ரேடியோவைக் காதோட ஒட்டிக்கொண்டு நிண்டவா. பாழ்படுவான் ரேடியோ இரைஞ்சுது. கம்பியை வானத்துக்குத் தூக்கி, மரத்துக்குத் தூக்கி, கடைசியில தானே மரத்தில ஏறி நிண்டு கேட்டவா. கீழ வரம்பு உடைஞ்சு, விதானையார் வெட்டி அடுக்கி வைச்ச உப்பட்டியெல்லாம் மிதந்து போச்சுது. நெற்கட்டுகள் வரிசையாப் பரந்தன் பக்கம் பயணம் போனதைப் பார்த்து, அது கலியாண ஊர்வலமெண்டு ஒரு நாய் பின்னால போனதெண்டும் சொல்லுவினம்.

விதானையார் அதுக்குப் பிறகு சட்டம் போட்டார். தண்ணி முறையில நிக்கிற ஆள் ரேடியோ வைச்சிருக்கக்கூடாது, வைச்சிருந்தா வக்கடை மூடப்படும். தண்ணியை வீணா வெளியால விட்டவைக்கு அடுத்த முறை இல்லை. சட்டம் எல்லாருக்கும் பொது எண்டு சொன்னவர். ஆனா வயலுக்கு ரேடியோ கொண்டு போறது ஊரில ஒராள்தான். அந்தச் சட்டத்துக்கு வீரம்மாவின்ர முகச்சாயல் அப்பிடியே இருந்தது.

இப்ப மொஸ்கோ ஒலிம்பிக். இந்தியா ஸ்பெயினோட இறுதியாட்டத்துக்கு வந்திட்டுது. போன ஒலிம்பிக்கில ஏழாமிடத்துக்குப் போன ஆக்கள் என்னத்தை வெல்லப் போயினமெண்டு கேட்டவனுக்கு, இது பழைய ஆக்களில்லை, முக்காவாசி புதுப்பெடியள், பசியில ஆடுறவங்கள் எண்டு வீரம்மா அடிச்சுச் சொன்னவா. ஆட்டம் செவ்வாய்க்கிழமை பின்னேரம். அவாவின்ர தண்ணி முறையும் செவ்வாய்க்கிழமை, நாலு மணியில இருந்து ஆறு மணி. அதுக்குப் பிறகு ஆறில இருந்து விதானையாரின்ர சொந்த வயலுக்கு.

பயிர் பால் பிடிக்கிற நேரம். இந்த ஒரு முறை தவறினா அடுத்தது பத்து நாள் கழிச்சு. அதுக்கிடையில நெல்லெல்லாம் பதராப் போகும், குத்தகையும் போகும். ராசுவின்ர முறை புதன்கிழமை. மாத்தித் தாறன் எண்டு அவன் சம்மதிச்சவன். விதானையார்தான் முறை முறைதான் எண்டு நிண்டவர். உப்பட்டி மிதந்தது அவற்ர நெஞ்சுக்குள்ள இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

ராசு ஒரு வழி சொன்னவன். ரேடியோவைச் சீலையில சுத்திச் சாப்பாட்டுக் கூடைக்குள்ள வைச்சு, மெல்லமாப் போட்டுக் கேளுங்கோ அக்கா, ஆருக்கும் தெரியாது.

"களவெடுத்த சாமானா தம்பி, ஒளிச்சு வைக்க?" எண்டவா வீரம்மா.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பற்றறியளை வெய்யிலில காயப்போட்டு, அதுகள் அப்பளம் மாதிரிச் சூடான பிறகு எடுத்து ரேடியோவுக்குள்ள போட்டவா. நாலு மணிக்கு வக்கடையைத் திறந்தவா. பூவரசங்கதியால் ஒண்டை வரம்பில நட்டு, அதின்ர நுனியில ரேடியோவைக் கட்டி, முழுச் சத்தத்தில விட்டா. அந்தச் சத்தத்துக்கு வாய்க்காலில நிண்ட கொக்குகள் எழும்பி யாழ்ப்பாணத்துக்குப் போயிட்டுதுகள்.

தண்ணி நிப்பாட்டப்படுறதைப் பார்க்கிறதுக்கெண்டு சனம் வந்தது. உதைபந்து விளையாடப் போன பெடியளும் பந்தைக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு வந்தவங்கள். கடைசியில விதானையார் சைக்கிளில வந்திறங்கினார்.

"வீரம்மா, சட்டம் தெரியுந்தானே?"

"தெரியுங்க ஐயா. எனக்காகத்தானே போட்டீங்க."

"அப்ப உதை நிப்பாட்டு. இல்லாட்டி வக்கடையை மூடுவன்."

வீரம்மா மண்வெட்டியை வக்கடைக்குக் குறுக்கால ஊண்டிக்கொண்டு நிண்டவா.

"நிப்பாட்ட மாட்டேங்க. தண்ணிய வீணாக்கக்கூடாதுன்னுதானே சட்டம். என் தண்ணி ஒரு சொட்டு வரப்பத் தாண்டுச்சுன்னா, நீங்க மூட வேணாம். நானே மூடிட்டு, ரேடியோவையும் வாய்க்கால்ல வீசிட்டுப் போறேன். அது வரைக்கும் இதுல கை வைக்காதீங்க."

சனத்துக்கு முன்னால மண்வெட்டியோட ஒரு பொம்பிளையை இழுத்து விழுத்த விதானையாருக்கு மனமில்லை, துணிவுமில்லை. சரி, பார்ப்பம், கண் ஒருக்காத் தண்ணியை விட்டு விலகட்டும் எண்டு சொல்லி, மணிக்கூட்டைக் கையில வைச்சுக்கொண்டு எதிர் வரம்பில குந்தினவர்.

அஞ்சு மணி போல ஆட்டம் துடங்கினது. வீரம்மா ரேடியோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவா. கண் தண்ணியில. நண்டுப் புத்து ஒண்டு கசிஞ்சா, ஒரு மண்வெட்டி மண். வாய் மட்டும் ஆட்டத்தைச் சொன்னது. ரேடியோ கொஞ்ச நேரம் ஹிந்தியில கத்தும், கொஞ்ச நேரம் இங்கிலீசில கத்தும். ரெண்டும் அவாவுக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது. தோட்டத்தில கொழுந்து கிள்ளினவைக்கு உதெல்லாம் எங்க விளங்கப்போகுதெண்டு ஒருத்தர் முணுமுணுத்தார்.

"கொழுந்து கிள்ளல ஐயா, கடல வித்தேன்," எண்டு திரும்பாமலே சொல்லிப்போட்டு, "இப்ப பந்து இடது பக்கமாப் போகுது, பாத்துக்கங்க," எண்டவா.

அது இடது பக்கமோ வலது பக்கமோ எண்டு மொஸ்கோவுக்குப் போய்க் கேக்க ஆருக்கு வசதி? ஆனா அடுத்ததா, "பலகையில பட்டுருச்சு. கோலு," எண்டு அவா சொல்லி வாய் மூடமுன்னம் ரேடியோவுக்குள்ள சனம் கூக்குரலிட்டுது. ரெண்டாவது கோலும் அப்பிடி. மூண்டாவதும் அப்பிடி. முரசுமோட்டைச் சனம் வாயைப் பிளந்த பிளவுக்கு இரணைமடுத் தண்ணியில பாதி அதுக்குள்ள போயிருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும் கிட்ட வந்தவை. ராசு ஒவ்வொரு நிமிசமும் இப்ப எங்க அக்கா, இப்ப எங்க அக்கா எண்டு அரிச்செடுத்தவன். ஸ்பெயின்காரர் அடுத்தடுத்து ரெண்டு போட்டாங்கள். இந்தியா நாலாவதைப் போட்டது. ஸ்பெயின் மூண்டாவதைப் போட்டது. விதானையார் எதிர் வரம்பில குந்தினவர், எப்ப வாய்க்காலைத் தாண்டி இந்த வரம்புக்கு வந்தவரெண்டு அவருக்கே தெரியாது. முழங்கால் மட்டும் சேறு.

நாலுக்கு மூண்டு. அந்த நேரம் பார்த்து ரேடியோ முனகத் துடங்கினது. பற்றறி இறங்கீட்டுது. வெய்யிலும் இல்லை. சனம் ஐயோ எண்டுது. வீரம்மா திரும்பேல்லை. தண்ணியைத்தான் பார்த்தவா.

"ராசு, என்ர சைக்கிளில டோர்ச் கிடக்கு," எண்டார் விதானையார். "பற்றறியைக் கழட்டிக்கொண்டு ஓடிவா."

டோர்ச்சின்ர வயித்தில கிடந்த பற்றறி ரேடியோவுக்கை போக, மொஸ்கோ திருப்பிக் கத்தினது. ஆறு மணியாச்சுது. வீரம்மாவுக்கு மணிக்கூடில்லை. தன்ர வயலில நிறைஞ்ச தண்ணி மட்டத்தைப் பார்த்தே தெரிஞ்சது.

"ஐயா, என் நேரம் முடிஞ்சுருச்சு. இனி உங்களோடது."

"பொறு பொறு. பந்து எங்க?"

"நம்ம பக்கம் நிக்கிது. ஐயா, மூடுறேன், உங்க வக்கடைய வந்து பாருங்க."

"பாக்கிறன், பாக்கிறன். அவங்கள் அடிச்சுப்போடுவாங்களோ?"

வீரம்மா தன்ர வக்கடையை இறுக்கி மூடி, பத்து அடி நடந்து விதானையாரின்ர வக்கடையைத் திறந்து விட்டவா. பிறகு, உங்க வரப்புல புத்து இருக்கு, ஒடைக்கப் போகுது எண்டு ரெண்டுதரம் சொன்னவா. விதானையார் ஓமோம் எண்டு ரெண்டுதரமும் தலையாட்டினவர். தலை ஆடினது, காது மொஸ்கோவில. மணிக்கூடு கையில இருந்தபடியே இருந்தது. அதை அவர் பார்க்கேல்லை.

விசில் ஊதினது. இந்தியா வெண்டிட்டுது. உதைபந்துப் பெடியள் தங்கட பந்தை ஆகாயத்துக்கு எறிஞ்சாங்கள். விதானையார் ராசுவைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு திரும்பினவர், அப்பிடியே நிண்டிட்டார். அவற்ர வரம்பு ரெண்டு ஆள் நீளத்துக்கு உடைஞ்சு, தண்ணி முழுக்க வண்டில் பாதையில ஆறாப் போகுது. அவற்ர சைக்கிள் அதில படுத்து நீந்திக்கொண்டிருந்தது.

விதானையார் கனைச்சுப்போட்டு, உதுக்குத்தான் ரேடியோ வேண்டாமெண்டு சட்டம் போட்டனான் எண்டார்.

"ரேடியோவ நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீங்க," எண்டவா வீரம்மா. "என் தண்ணி எங்க நிக்கிது, உங்க தண்ணி எங்க போகுதுன்னு எல்லாரும் பாத்துக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில கமக்காரரின்ர கூட்டம். அதுக்குப் பொம்பிளையள் போறேல்லை. வீரம்மா போய் முன் கதிரையில இருந்தவா. மாயாண்டி வாசலோட நிண்டு, வா போவம், வா போவமெண்டு கண்ணால கெஞ்சினார். சட்டத்தை முதலில இருந்து வாசிக்கச் சொன்னவா. தண்ணியை வீணாக்கினவைக்கு அடுத்த முறை இல்லை எண்டதை ரெண்டுதரம் வாசிப்பிச்சவா. விதானையின்ர முறையை விதானையே வெட்டுறதோ எண்டு சனம் சிரிக்கப் பயந்து இருமினது. அண்டைக்கு மண்டபத்தில ஒரே தடிமனும் சளியும். கடைசியில முத்துலிங்கத்தார் தண்ணி முறைக் கொப்பியில தன்ர பேரைத் தானே வெட்டினவர். பேனை முனை உடைஞ்சு போச்சுது. ரேடியோச் சட்டத்தையும் அதே கையோட வெட்டிவிட்டார்.

பிறகு ஒரு சமாதானத்துக்காக, இனிமேல் ஆட்டம் இருக்கிற நாளை முன்கூட்டிச் சொன்னா, உன்ர முறையை வேறை நாளுக்கு மாத்தித் தாறன் வீரம்மா எண்டார்.

வீரம்மா எழும்பிச் சீலையை உதறிச் செருகினவா.

"சொல்றேங்க. பெரிய டீமு ஆடுனாலும் சொல்றேன், சின்னப் பசங்க ஆடுனாலும் சொல்றேன். ஆனா மொறைய மாத்தாதீங்க ஐயா. அப்பிடியே வைங்க. நா வக்கடையில நின்னுதான் கேப்பேன்."