நாற்பத்தொன்றாம் பக்கத்து மேற்கோள் குறி

பஸ்ராவில் அஷார் கால்வாய் ஓரத்து அச்சகத்தில் பிழை திருத்தும் விதாத்துக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே "விதாத்தக்கா". முதுகுக்குப் பின்னால் "முள்ளு". சிவப்புப் பென்சிலும் கையுமாக முப்பது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஊரார் எழுதியதையெல்லாம் குத்திக்கொண்டே இருந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். தெரிந்து உள்ளூரச் சந்தோஷம்தான்.

கவிதை இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் அச்சாகாது. கல்யாணப் பத்திரிகையோ, இரங்கல் சுவரொட்டியோ, பேரீச்சம்பழப் பெட்டியோ, எதில் பார்த்தாலும் யாராவது ஒருவருடைய இரண்டு வரி இருக்கும். அங்கேதான் விதாத் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அடியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். பாதியை மட்டும் எடுத்தால் மீதிக்கு மூன்று புள்ளி. அடுத்தவர் வரி என்றால் இருபுறமும் மேற்கோள் குறி. எழுதியவர் போடாத ஆச்சரியக்குறி அதற்குள் நுழையக் கூடாது.

இருபத்திரண்டு வயதில் அவளைப் பெண் கேட்ட ஒருவன், கடிதத்தில் உருகி உருகி ஒரு கவிதை எழுதியிருந்தான். அது எப்போதோ செத்துப்போன யாரோ ஒரு கவிஞருடையது. விதாத் அதற்கு மேற்கோள் குறி போட்டு, அடியை ஒழுங்காகப் பிரித்து, அவனுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

"காதலிக்கிறதுக்கே ஆள் வெச்சவன், கல்யாணத்துக்கு அவனே வருவான்னு என்ன நிச்சயம்?" என்பாள்.

இந்தப் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பெயர் ஃபாலிஹ். துறைமுகத்தில் பேரீச்சம்பழ மூட்டை தூக்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. மூட்டை சுமக்கும்போது பாட்டுக் கட்டுவார். பாட்டின் நடுவே அடுத்தவர் வரி வந்துவிட்டால் மூட்டையை இறக்கி வைத்து, "இது என்னுது இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அந்த வரியைப் பாடுவார். பாடி முடித்த பிறகுதான் மூட்டை மறுபடி தோளுக்கு ஏறும். மற்ற கூலிக்காரர்களும் அதையே பழகிக்கொண்டார்கள். அப்பா செத்து இருபது வருடமாகியும் அவருடைய ஒரு வரிகூட எங்கும் அச்சாகவில்லை.

அந்த வருடம் முன்திரின் கவிதைத் தொகுப்பு அச்சுக்கு வந்தது. துறைமுக அலுவலகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் செல்வாக்கான மனிதர். முதல் ப்ரூஃபில் நாற்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் விதாத்தின் பென்சில் நின்றது. முன்திரின் பாட்டுக்கு நடுவே, எந்தக் குறியும் இல்லாமல், அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"கப்பல் போன தடத்தைக் கடலில் தேடாதே, தோழா;
என் தோளைத் தொட்டுப் பார், இங்கே பதிந்திருக்கிறது."

இரண்டு மேற்கோள் குறிகளை அழுத்திப் போட்டாள். ஓரத்தில் "இது ஃபாலிஹ் உடையது" என்று எழுதி அனுப்பினாள். மறுநாள் முன்திர் குறியையும் பெயரையும் அடித்துத் தாளைத் திருப்பி அனுப்பினார்.

முதலாளி அபூ ஹிக்மத் தலையைச் சொறிந்துகொண்டு மேசைக்கு வந்தார். "விதாத்து, அவரு தன்னோட வரின்னு சொல்றாரு. உங்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

"எங்கப்பா பாடினதை இந்தக் காதால கேட்டிருக்கேன்."

"உன் காதை நான் எங்கம்மா அச்சடிக்க? அவரு கேட்டபடி எடுத்துடு. இல்லேன்னா சனிக்கிழமைலேர்ந்து நீ வர வேண்டாம்."

"வரலை. ஆனா குறியை என் கையால எடுக்க மாட்டேன்."

எழுத்துக் கோக்கும் ஸப்ரியிடம் போய், "நாப்பத்தொண்ணுல குறி போட்டே கோத்துடு. பழி என்மேல" என்றாள். ஸப்ரி சின்ன வயதில் ஃபாலிஹின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன். உடனே கோக்க உட்கார்ந்தான். ஆனால் எழுத்துப் பெட்டியில் மேற்கோள் குறி தீர்ந்து போயிருந்தது. அவன் கை பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. அங்கே இருந்தது பூப்போட்ட அடைப்புக்குறி. குர்ஆன் வேதவசனத்துக்கு மட்டுமே போடுவது. வேறு எதற்கும் யாரும் தொட மாட்டார்கள். நல்ல மனுஷன் வரி, இருக்கட்டுமே என்று பாசத்தில் அதையே வைத்துவிட்டான்.

ஈரம் காயாத அந்த ப்ரூஃப் விதாத்தின் மேசைக்கு வருவதற்கு முன்பே முன்திர் உள்ளே நுழைந்தார். வியாழக்கிழமை மத்தியானம். முன்கூடத்தில் நாலு பேர் எலுமிச்சை வற்றல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காகிதக் கட்டு இறக்க வந்த துறைமுகக் கூலிக்காரர்கள் மூன்று பேர் சுவரோரம் நின்றார்கள். அபூ ஹிக்மத் வாயெல்லாம் பல்லாகத் தாளை நீட்டினார்.

முன்திர் கண்ணாடியை மாட்டினார். புரட்டினார். முகம் சிவந்தது.

"அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லா மன்னிக்கணும்! யாருய்யா இந்த வேலையைச் செஞ்சது?"

"என்ன ஆச்சு, உஸ்தாத்?"

"என்ன ஆச்சா? வேதவசனத்துக்குப் போடுற அடைப்பை எதுக்குய்யா போட்டு வெச்சிருக்கீங்க? ஒரு மூட்டை தூக்குறவன் பாட்டுக்கு! அந்த ஃபாலிஹ் பாட்டுக்கு!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. தேநீர்க் கோப்பைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. சுவரோரம் இருந்த கூலிக்காரர்களில் மூத்தவர், தோளிலிருந்த காகிதக் கட்டை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார். மற்ற இருவரும் இறக்கினார்கள்.

அபூ ஹிக்மத்தான் கேட்டார். "யார் பாட்டு, உஸ்தாத்?"

முன்திர் கீழே இறங்கிய கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அப்போ படகுத்துறையில குமாஸ்தா" என்றார். "அவன் பாடினா என் பேனா நின்னுடும். அத்தனை வருஷமா மனசுல கெடந்து கெடந்து, என்னுதுன்னே ஆயிடுச்சு."

விதாத் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். தாளை வாங்கி முதலில் பூ அடைப்பை அடித்தாள்; அப்பாவாகவே இருந்தாலும் அது அவருக்கு உரியதில்லை. பிறகு சாதாரண மேற்கோள் குறி இரண்டு போட்டாள். பக்கத்தின் அடியில் பெயரை எழுதினாள்: ஃபாலிஹ், துறைமுகக் கூலி. தாளையும் பென்சிலையும் முன்திரிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க, உஸ்தாத். சனிக்கிழமை மெஷின் ஏறணும்."

அவர் போட்டார். போட்டுவிட்டு, "உங்கப்பன் மாதிரியே நிக்கிறே" என்றார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் முகத்தை முள்ளாகவே வைத்துக்கொண்டாள். சனிக்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றதைப் பற்றி அபூ ஹிக்மத் மூச்சே விடவில்லை.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு கூலிக்காரர்களின் தேநீர்க் கடைக்குப் போனாள். அங்கே பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அவள் பக்கத்தைத் திறந்து வாசித்தாள்.

"எங்கேம்மா ஆரம்பிக்குது ஃபாலிஹ்?" என்று மூத்தவர் கேட்டார்.

முதல் குறியைக் காட்டினாள்.

"எங்கே முடியுது?"

இரண்டாவதைக் காட்டினாள். அவர் பேரீச்சம்பழம் தின்ற விரலை முதல் குறியின்மேல் வைத்து, வரி நெடுகத் தடவிக்கொண்டே போய், இரண்டாவது குறியில் நிறுத்தினார். அடுத்தவர் வாங்கினார். அதற்கடுத்தவர். புத்தகம் திரும்பி வந்தபோது நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பிசுக்கு விரல்ரேகைகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

ஒரு மைப்பொட்டு இருந்தாலே தாளைக் கிழித்துப் போடுகிறவள் விதாத். அந்தப் பிரதியை மட்டும் துடைக்காமல் அப்படியே மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.