காத்தோட்டிக்காய் வாங்காத வீடு

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை என்று சொல்ல என் மகன் ஒருவன்தான். அதனால் ஆண்களுக்கு உரியதையெல்லாம் அவன் வெளியில்தான் பொறுக்கினான். சாரத்தை மடித்துக் கட்டுவதைக் கரையில் வலை இழுப்பவர்களைப் பார்த்துப் பழகினான். சேவ் எடுப்பதைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம். அவர் ஓட்டோ ஓட்டுபவர். காலையில் கிணற்றடியில் கண்ணாடியைக் கொளுவிவிட்டு முகம் வழிப்பார். என் மகன் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு மயிரும் முளைக்காத கன்னத்தை அவரைப் போலவே உப்பிக்கொண்டு நிற்பான். எனக்குச் சிரிப்பு வரும். பிறகு ஏனோ கோபமும் வரும்.

என்னிடம் அவன் பழகியது வேறு. வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டால் நான் கைவேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அப்படிப் பார் என்று அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் படலை அசைந்தபோது அவனும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான். வந்தது வெறும் காற்று. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் குனிந்துகொண்டோம்.

என் கணவர் விடியப்புறம் வலையோடு போனவர். மகனுக்கு அப்போது தவழும் வயது. சண்டைக் காலம். கடலில் மூழ்கிப் போனாரா, கரையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்களா, இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. உடலும் வரவில்லை, படகும் வரவில்லை. நான் பொட்டை அழிக்கவில்லை. ஊர் முதலில் பரிதாபப்பட்டது, பிறகு முணுமுணுத்தது, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது. கல்யாண வீட்டில் என்னை முன்னுக்குக் கூப்பிடமாட்டார்கள். செத்தவீட்டில் விதவைகளோடு இருத்தவும் மாட்டார்கள். நானே எங்கும் போவதைக் குறைத்துக்கொண்டேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கும் வேலை, பஸ், வீடு. அவ்வளவுதான்.

தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் விரதம் இருந்து, கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். தகப்பன் இருப்பவர்களுக்கு அது இல்லை. எங்கள் வீட்டில் அது சும்மா ஒரு நாள். அந்த விரதச் சமையலுக்கென்று சந்தையில் குவியும் காத்தோட்டிக்காயை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. வாங்கினால் அவர் செத்துப்போவார் என்று எனக்கு ஒரு பயம்.

போன ஆடி அமாவாசை எனக்கு லீவு நாள். காலையில் மகன் தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டு வெளியே போனான். வயிற்றுக் கோளாறாக்கும் என்று நினைத்தேன். வெயில் ஏறிய பிறகு தலை ஈரமாக, நெற்றி நிறையத் திருநீறோடு குசினி வாசலில் வந்து நின்றான்.

“எங்கை போனனீ?”

“கடற்கரைக்கு. பக்கத்து வீட்டு மாமாவோடை.”

“அவருக்குத் தகப்பன் இல்லை. நீ ஏன் போனனீ?”

“அவர் செய்யிறதைப் பாத்து நானும் செய்தனான். ஐயர் அப்பான்ர பேரைக் கேட்டார், சொன்னனான். செத்த நாள் தெரியாது எண்டும் சொன்னனான். நாள் தெரியாதவைக்கும் இண்டைக்குச் செய்யலாமாம்.”

வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அகப்பையை எறிந்தேன். அவன்மேல் படவில்லை. இவ்வளவு காலமும் ஒற்றை ஆளாய் நான் உயிரோடு வைத்திருந்த மனுசனை, ஒரு கை எள்ளோடு கரைத்துவிட்டு வந்து நிற்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“கேட்டால் விடமாட்டியள் அம்மா. அப்பா எங்கை எண்டு ஆரும் கேட்டால், உங்களை மாதிரியே நானும் கதையை மாத்திறன். இனி எனக்கு ஏலாது.”

விரதம் இருந்தவன் தகப்பனுக்குப் படைத்த பிறகுதான் சாப்பிட வேண்டும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. நான் சமைக்காவிட்டால் பக்கத்து வீட்டில் அவனுக்கும் சேர்த்து இலை போடுவார்கள். அவருக்கான சோறு இன்னொரு வீட்டில் வேகுவதை என்னால் நினைக்க முடியவில்லை.

அந்தச் சமையல் எனக்குத் தெரியாது. மதிலடியில் போய் நின்றேன். பக்கத்து வீட்டுத் தம்பியின் மனைவி வெளி அடுப்படியில் இருந்தாள். ஒன்றும் கேட்காமல் காத்தோட்டிக்காயில் பாதியை அள்ளித் தந்தாள்.

“உப்புத் தண்ணியிலை போடுங்கோ அக்கா. கைப்புக் குறையும்.”

அவள் வெட்டுவதைப் பார்த்து வெட்டினேன். அவள் பிழிந்ததைப் பார்த்துப் பிழிந்தேன். பிறகு வந்து பொரித்தேன், சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்தேன். மரக்கறிச் சோற்றைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனுசன் அவர்.

அவருடைய படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். மகன் கற்பூரம் கொளுத்திக் கையைக் கூப்பினான். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் அதுவரைக்கும்தான் பார்த்திருக்கிறான் போல. திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து அவன் முன்னால் நான் அழுததில்லை. அன்றைக்கு வாய்விட்டு அழுதேன். அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் அழுதான்.