தண்ணீர்மலைக் காட்டில் ஊளையிட்டவர்

ஒரு தைப்பூச மத்தியானம், பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து வந்த வயதான அம்மா ஒருவர் கூட்டத்தை விட்டுப் பின்தங்கிவிட்டார். தார் கொதித்தது. கால் வைக்க முடியாமல் ஓரம் ஓரமாக ஒதுங்கி நடந்தார். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பழனியப்பன் அதைப் பார்த்தார். ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போய், அந்த அம்மா கால் வைக்கும் இடமெல்லாம் தண்ணீர் தெளித்தபடியே கோயில் படி வரைக்கும் முன்னால் நடந்தார். வாளி காலியானால் வழியில் உள்ள பந்தலில் நிரப்பிக்கொள்வார். படி வந்ததும், அந்த அம்மா நிமிர்ந்து முகம் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டார். பந்தலில் கூட நின்ற பிரமிளாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் பிரமிளாவுக்கு மேல்மாடி அவர் வீடு. கடல் பாலத்துக்கு அக்கரையில், ஜுருவில் ஒரு கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவர் குரல் பெரிதாகிவிட்டது. உட்காரத் தெரியாத மனிதர். தேத்தண்ணியை நின்றபடியே குடிப்பார். பூசை நடக்கும்போதுகூட வெளியே போய் மற்றவர்களின் செருப்பை வரிசையாக வைத்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வருடம் தேர் வரும் நாளன்று பிரமிளா தன் நாய் மைலோவையும் பந்தலுக்குக் கூட்டி வந்திருந்தாள். தனியாக இருப்பவள், வேலை முடிந்து கதவைத் திறந்தால் வாலாட்ட அது ஒன்றுதான் இருந்தது.

“கட்டிப் போடும்மா. சாமி கும்பிட வர்றவங்க பயப்படுவாங்க” என்று சொல்லி, சங்கிலியைப் பந்தல் காலில் மாட்டியவர் பழனியப்பன்தான்.

தேர் நெருங்கியது. சாலையில் மலையாகக் குவித்திருந்த தேங்காய்களை ஆட்கள் அள்ளி அள்ளி உடைக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் பினாங்குக்காரர்களுக்குப் பழக்கம், மைலோவுக்குப் பழக்கமில்லை. ஒரே இழுப்பில் பந்தல் கால் சாய்ந்தது. சங்கிலியோடு கூட்டத்துக்குள் புகுந்து, மலைக்காட்டுக்குள் ஓடிவிட்டது.

சும்மா ஓடியிருந்தால் பசித்தாவது திரும்பி வரும். கழுத்தில் சங்கிலி. எங்காவது வேரில் சுற்றிக்கொண்டால் அங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான். பிரமிளா அழவில்லை; சோறு மட்டும் இறங்கவில்லை. பழனியப்பனுக்கோ தூக்கமே போய்விட்டது. மாட்டின கை அவருடையது அல்லவா?

வேலை முடிந்ததும் பாலத்தைத் தாண்டி நேராக மலைக்கு வந்துவிடுவார். கூட்டாளிகளும் வந்தார்கள். ஒருவர் ஒலிபெருக்கி, ஒருவர் தகரம். ஒருமுறை மூங்கில் புதருக்குப் பின்னால் மைலோ தெரிந்தது. “டேய் மைலோ” என்று அவர் போட்ட சத்தத்தில் வாலைக் கால்களுக்கிடையில் விட்டுக்கொண்டு இன்னும் உள்ளே ஓடியது. அதற்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை.

அடிவாரத்தில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஹைதர் சிரித்தார். “அண்ணே, நீங்க நாயைக் கூப்பிடுறீங்களா, விரட்டுறீங்களா? அந்தச் சத்தத்துக்கு நானே ஓடிருவேன்லா.”

அன்று பொழுது சாயும் நேரம். அடிவாரத்துத் தெருநாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊளையிட்டன. காட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று கூடச் சேர்ந்தது.

“அண்ணே, மைலோ” என்றாள் பிரமிளா.

உடனே அவர் பெயர் சொல்லிக் கத்தினார். காட்டுக்குள்ளிருந்து வந்த குரல் சட்டென்று நின்றுபோனது.

“கத்தாதீங்கண்ணே. நாய் கூப்பிட்டா பதில் சொல்றான். நம்ம குரலுக்குத்தான் பயப்படுறான்.”

பழனியப்பன் காட்டுப் பக்கம் காதைக் கொடுத்தார். பிறகு, “அப்ப நான் நாய் மாதிரியே கூப்பிடுறேன்” என்றார்.

வீட்டில் பழக அவர் மனைவி நவமணி விடவில்லை. “நெத்தி நிறைய விபூதியைப் பூசிக்கிட்டு ஊளையா? வீட்டுக்குள்ள ஊளை விட்டா எமனுக்கு வழி காட்டுற மாதிரி. போங்க வெளியே.”

அதனால் பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் பழகினார். காய்கறி, மீன் விற்கும் பாசாரில் திரியும் நாய்களிடம் சோதித்தார். முதலில் அவை எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்தன. நெஞ்சிலிருந்து எடுத்தால் அது அதட்டல். தொண்டையிலிருந்து எடுத்து, மோவாயை உயர்த்தி, மெதுவாகத் தேய விட வேண்டும். ஒருநாள் மீன் கடையடியில் கிடந்த கிழட்டு நாய் தலையைத் தூக்கிப் பதில் கொடுத்தது. அன்று சாயங்காலமே பிரமிளாவைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினார்.

ஊளை வந்துவிட்டது, உட்காருவதுதான் வரவில்லை. கால் ஆட, சருகு சலசலத்தது. பிரமிளா தன் கைப்பையை அவர் முழங்காலில் வைத்து அழுத்தினாள். அவர் ஊளையிட்டார். ஒன்றுமில்லை. எழுந்தவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எத்தனை நாள் ஆச்சு, இன்னும் உயிரோட...” என்றார் அவர்.

“உக்காருங்கண்ணே.”

மறுபடியும் ஊளையிட்டார். இந்த முறை பதில் வந்தது. மேலே அல்ல, அவர்கள் தேடாமலே விட்டிருந்த ஓடைப் பள்ளத்திலிருந்து.

பெயர் சொல்லாமல், ஓடாமல், ஊளையிட்டு ஊளையிட்டு இறங்கினார்கள். பிரம்பு வேரில் சங்கிலி சுற்றிக் கிடந்தது. எட்டும் தூரத்தில் ஓடைத் தண்ணீர் இருந்ததால் மைலோ பிழைத்திருந்தது. விலா எலும்பு தெரிய, வளர்த்தவளைப் பார்த்தே பல்லைக் காட்டியது. பழனியப்பன் அதற்கு முதுகைக் காட்டிச் சேற்றில் உட்கார்ந்தார். கொசு பிடுங்கியது. அவர் அசையவில்லை. அவரை அப்படிப் பிரமிளா பார்த்ததே இல்லை. வெகுநேரம் கழித்து மைலோ வந்து அவர் பிடரியை மோந்தது. கையைப் பின்னால் விட்டுச் சங்கிலியைக் கழற்றினார். “முருகா” என்றார், காற்றுக்கும் கேட்காத குரலில்.

பிழைத்து வந்த மைலோ அவரை மறக்கவில்லை. கீழே அவர் மோட்டார் சத்தம் கேட்டாலே ஊளையிடும். மேல்மாடிக்குப் போனதும் அவரும் பதில் கொடுப்பார். ஃப்ளாட்டே விழித்துக்கொள்ளும். ஃப்ளாட் நிர்வாகத்துக்குப் புகார் போய், நாயா வீடா என்று கேட்டுவிட்டார்கள். பிரமிளா அக்கரையில், கூலிமில், முற்றம் வைத்த வீடு ஒன்று பார்த்தாள்.

சாமான் ஏற்றிய அன்று பழனியப்பன் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தார், டயரைத் தட்டிப் பார்த்தார். அதே வருடம் மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன் இன்னொரு முறை அவரைப் பார்க்க அவளுக்கு வாய்க்கவில்லை. லாரி கிளம்பும்போது அவர் சன்னலில் குனிந்து சொன்னதுதான் கடைசி.

“நான் அங்க வரமாட்டேன்மா. என் சத்தம் கேட்டா இவன் ஆரம்பிச்சிருவான், அந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்க. கழுத்துல பட்டை மட்டும் போடு, சங்கிலி வேணாம். போ, மழை வர்றதுக்குள்ள பாலத்தைத் தாண்டு.”